சிவப்பு பிக்கப்பும் பின்கதவோரப் பிள்ளையாரும்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய மூன்று பிக்கப் வண்டிகளின் படங்களையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு ஒன்று, சாம்பல் நிறம் ஒன்று, சிவப்பு ஒன்று. கீழே, "அம்மா, எது நல்லம்?" என்று கேட்டிருந்தாய். சேலைக்கடையில் மூன்று சேலையை விரித்து வைத்துக் கேட்பதுபோல் இருந்தது. நிறத்தைச் சொல்லி ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். எனக்கு ஒரு வரியில் எதையும் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். அதோடு, இந்த வண்டியைப் பற்றி ஒழுங்காகச் சொல்வதானால், எட்டு வருடமாக நான் வாய் திறக்காமல் வைத்திருக்கிற ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை நீ போய்க் கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று, நாலு நாளாகச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். அப்பா வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். அப்பாவின் முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கிய பிறகு, எனக்கும் இந்த இடது தோள் தூக்க ஏலாமல் போன பிறகு, கல்யாணங்களுக்கு மணவறை கட்டுகிற நம்முடைய தொழிலை மூடிவிடுவதென்றே இருந்தோம். தூண்களையும் மாப்பிள்ளை பெண் உட்காருகிற கதிரைகளையும் யாராவது கேட்டால் கொடுத்துவிட்டு, லண்டனில் மிச்சம் என்கிற இந்தப் பகுதி வீட்டில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதாக யோசனை. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சோற்றைக் குழைத்துக்கொண்டே, "நான் செய்யிறன் அம்மா" என்றாய். நகரக் கவுன்சிலில் உனக்கு நல்ல வேலை. வைகாசியில் உன் கல்யாணம் வேறு. அதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இப்படிச் சொல்கிறதே என்று நான் எழும்பிப் போய்விட்டேன். குளிர்ப்பெட்டிக்குள் தலையை விட்டுத் தயிர் தேடுகிறவள் மாதிரி நெடுநேரம் நின்றேன். தயிர் மேசையில்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் வேல்ஸில் செய்கிற அந்தப் புது ட்ரெயிலரைப் பற்றியும் சொன்னாய். பெரிய லொறிகளுக்கு இருப்பதுபோல, கழுத்து நீண்டு வந்து பிக்கப்பின் தட்டுக்கு நடுவில் உட்காருகிற வகை. ஐந்தாம் சில்லு ட்ரெயிலர் என்று பெயராம். ஐந்தாவது சில்லு எங்கே என்று அப்பா கேட்டதும், நீ விழுந்து விழுந்து சிரித்ததும் நினைவிருக்கிறது. சிரிப்பு அடங்கிய பிறகு அப்பா சொன்னார்: "எந்த வண்டியெண்டாலும் வாங்கு. ஆனா ட்ரெயிலரை நீ இழுக்கக் கூடாது. அதுக்கொரு டிரைவரைப் பிடி." நீ சோற்றுத் தட்டைப் பார்த்தபடி, "சரி அப்பா" என்றாய். முப்பது வயது ஆண்பிள்ளை, தன் சொந்தத் தொழிலில் தன் வண்டியைத் தான் ஓட்டக் கூடாது என்பதற்கு ஒரு கேள்வியும் கேட்காமல் தலையாட்டினாய். அந்தச் "சரி அப்பா" எனக்கு அன்றிலிருந்து செமிக்கவில்லை.

வண்டிக்கு வருவோம். கறுப்பை முதலில் கழித்துவிடு. அமெரிக்காவிலிருந்து இறக்கிய வண்டி, பார்க்க யானை. பின்னால் ட்ரெயிலர் இருக்கிறதா இல்லையா என்பதே அதற்குத் தெரியாது, அவ்வளவு பலம். ஆனால் அதன் முழு எடை மூன்றரைத் தொன்னைத் தாண்டுகிறது. அப்பாவும் நானும் பழைய லைசென்ஸ்காரர், எங்களுக்கு அது ஓடலாம். உன் லைசென்சில் அதற்கு இடமில்லை, தனியாக ஒரு பரீட்சை எடுக்க வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்கும்போது குப்பை லொறியே வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகிறது. லண்டனுக்குள் டீசல் வண்டிக்குப் புகைக் கட்டுப்பாடு இருக்கிறது, இறக்குமதி வண்டி அதற்குள் அடங்கும் என்று காகிதத்தில் காட்ட நீ மாதக்கணக்கில் அலைவாய். இவ்வளவும் உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்தப் படத்தை முதலாவதாக ஏன் அனுப்பினாய் என்று யோசித்தேன். வண்டி பெரிதாக இருந்தால், பின்னால் எது ஆடினாலும் நம்மை ஆட்டாது என்று நினைக்கிறாய். உனக்கு அந்தப் பயம் வந்ததற்கு நான் காரணம். அதற்கு வருகிறேன்.

சாம்பல் நிற வண்டி வடிவுதான். நாலு கதவு, தோல் இருக்கை, தொலைக்காட்சி மாதிரி ஒரு திரை. வரப்போகிற மருமகளுக்குப் பிடித்திருக்கும், அவளைக் குறை சொல்லவில்லை. மூன்றரைத் தொன் இழுக்கும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். விளம்பரத்தை விடு. முன் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் நாலு எண்கள் இருக்கும். முதலாவது, ஆளும் சாமானும் ஏறிய வண்டி எவ்வளவு எடை வரைக்கும் இருக்கலாம் என்பது. இரண்டாவது, வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துப் பார். வண்டி நிறைந்திருக்கும்போது பின்னால் உண்மையில் எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். சில வண்டிகளில் அது விளம்பரத்தில் சொன்னதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். மூன்றாவது முன் அச்சு தாங்குகிற எடை, நாலாவது பின் அச்சு தாங்குகிற எடை. உனக்கு அந்த நாலாவதுதான் முக்கியம். இந்தக் கழுத்து வகை ட்ரெயிலர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கையாவது வண்டியின் தட்டில் இறக்கிவிடும். நிறைத்த ட்ரெயிலர் இரண்டே முக்கால் தொன் என்றால், ஐந்நூற்றைம்பது கிலோ உன் முதுகுக்குப் பின்னால் வந்து உட்காருகிறது. அதற்கு மேல் அதைத் தாங்குகிற இரும்பு, நீ, உன்னோடு வருகிற ஆட்கள், கருவிப்பெட்டி. அந்த வண்டியின் தோல் இருக்கையும் தட்டை மூடுகிற மின்சார மூடியும்கூட ஏற்றக்கூடிய எடையில்தான் கை வைக்கின்றன. தட்டின் நீளமும் கட்டை. ஒடுக்கமான மண்டப வாசலில் மடக்கித் திருப்பும்போது ட்ரெயிலரின் கழுத்து பின் கண்ணாடியில் போய் இடிக்கும்.

ஆக, சிவப்பு. துணி இருக்கை, முன்னால் முழுதும் பின்னால் அரையுமாக ஆள் இருக்கிற ஒன்றரைக் கபின், நீளமான தட்டு. பின்னால் வில்லுத் தகடுகள். வெறும் வண்டியாக ஓடும்போது முதுகை முறிக்கும், பாரம் ஏறினால் மெத்தையாகிவிடும். மூன்றிலும் கூடுதலாக ஏற்றக்கூடியது அதுதான். டீசல்தான் சரி, இழுத்துக்கொண்டு புறப்படுகிற அந்த முதல் அடிக்கு அதன் பலம் வேண்டும். ஆனால் அந்த வண்டியில் மரக்கறி வாங்கவும் கோயிலுக்கும் திரியாதே. கிட்டக் கிட்ட ஓடினால் புகையை வடிக்கிற சல்லடை சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒருதரமாவது மோட்டர்வேயில் அரை மணித்தியாலம் மூச்சு விட வை. சனிக்கிழமை சும்மா ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடாதே. பாரம் ஏற்றிய ட்ரெயிலர் ஒன்றைக் கொழுவித் தரச் சொல்லிக் கேள். மேட்டில் நிறுத்தி, திரும்ப எடுத்துப் பார். பிறகு இறக்கத்தில் விட்டு, எப்படி நிற்கிறது என்று பார். ஏறுகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், உனக்கு நிற்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

இவ்வளவு விளக்கம் சொல்கிற அம்மா, தான் வண்டி வாங்கிய அழகையும் சொல்ல வேண்டுமல்லவா. நமது முதல் வான் வண்டியைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய், முழுக்கதை தெரியாது. அப்பா குறொய்டனில் ஒரு நல்ல வெள்ளை வானைப் பார்த்து, பேசி, முடித்துவிட்டு வந்தார். நான் எண் தகட்டைக் கேட்டேன். இங்கத்தைத் தகட்டில் எழுத்தும் இருக்கிறதே என்று விடவில்லை. எழுத்துக்கெல்லாம் எண் போட்டு, கூட்டி, எட்டு வருகிறது என்று கண்டுபிடித்தேன். "எட்டு வீட்டு வாசலிலை நிக்கக் கூடாது" என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பா பாவம், போய் அதை விட்டுவிட்டு, கூட்டினால் ஆறு வருகிற ஒரு நீல வானை வாங்கி வந்தார். மனோர் பார்க்கில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே கியர்பெட்டி போய்விட்டது. அப்பா ஏசவில்லை. வானை இழுத்துப் போக வந்த பாரவண்டிக்குப் பின்னால் நின்று, "ஆறு நல்ல நம்பர்தான், இழுத்துக்கொண்டு போக ஆள் வந்திட்டுது" என்று மட்டும் சொன்னார். நான் பிழை விட்டால் மற்றவர்கள் அதைச் சிரிப்பாக்கி விட்டுவிடுவார்கள். எனக்கு அப்படியே பழகிப்போய்விட்டது. அதனால்தான் பெரிய பிழை விட்டபோதும் வேறு யாராவது அதை ஏற்றுக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

லெஸ்டர் நகரில் ஒரு கல்யாணத்துக்கு மணவறை கட்டப் போன நாளைப் பற்றி நாங்கள் இந்த வீட்டில் கதைப்பதில்லை. இப்போது கதைக்கிறேன். உனக்கு இருபத்திரண்டு வயது. ட்ரெயிலர் இழுக்கத் தனிப் பரீட்சை இருந்த காலம், நீ முதல் தரத்திலேயே பாஸ் பண்ணியிருந்தாய். அப்பா காலையிலேயே வானில் பூவையும் துணிகளையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நீ பழைய பிக்கப்பில் இரட்டை அச்சுப் பெட்டி ட்ரெயிலரைக் கொழுவி, பெட்டிக்குள் நான் வருமுன்னமே எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருந்தாய். கருங்கல் பிள்ளையார், அவருடைய பீடம், அம்மிக்கல், பித்தளைக் குத்துவிளக்குகள் எல்லாம் முன்பக்கம், அச்சுக்குக் கிட்ட. தூண்களும் கதிரைகளும் பின்பக்கம். நான் பின்கதவைத் திறந்து பார்த்தேன். கதிரைகளைக் கண்டேன். பிள்ளையாரைக் காணவில்லை.

"பிள்ளையார் எங்கை?"

"முன்னுக்கு அம்மா. பாரமெல்லாம் முன்னுக்கு இருக்கோணும்."

"மண்டபத்திலை முதல் இறங்கிறது அவரெல்லோ? கதிரையை இறக்கிப்போட்டே அவரை இறக்கப் போறாய்?"

"அம்மா, பாரம் பின்னுக்குப் போனா ட்ரெயிலர் ஆடும். படிச்சனான், சொல்லுறன்."

"நீ எனக்குப் படிப்பிக்காதை. இருபது வருசமாப் பிள்ளையாரைத்தான் முதல் இறக்கிறன். எடு எல்லாத்தையும்."

நமது வழக்கம் அதுதான். மண்டபத்துக்குள் முதலில் பிள்ளையார் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒரு கதிரைகூட. முதலில் இறங்க வேண்டியவரைக் கடைசியாக ஏற்ற வேண்டும், கடைசியாக ஏற்றினால் பின்கதவோரம்தான் இடம். வானில் இருபது வருடம் அப்படித்தான் ஏற்றினோம், வானுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ட்ரெயிலர் வேறு சாமான் என்பது எனக்கு விளங்கவில்லை, நீ விளங்கப்படுத்த வந்தபோது நான் கேட்கவில்லை. நீ இன்னொரு தடவை வாயைத் திறந்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாய். ஒரு மணித்தியாலம் தனியாக எல்லாவற்றையும் இறக்கி மாற்றி ஏற்றினாய். நான் நின்று, பிள்ளையாரைச் சால்வையால் சுற்றிப் பின்கதவோரம் வைக்கும்வரை பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் பீடம், அம்மி, விளக்குகள். எல்லாம் சாமிச் சாமான், ஒன்றாக இருக்கட்டும் என்றேன்.

மோட்டர்வேயில் லூட்டனைத் தாண்டி ஒரு இறக்கத்தில் பெரிய லொறியொன்று எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் பின்னால் ஒரு சின்ன ஆட்டம். பிறகு கொஞ்சம் பெரிதாக. பிறகு வண்டியின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இடமும் வலமும் எறிவதுபோல. நான் "பிரேக்கைப் பிடி, பிரேக்கைப் பிடி" என்று கத்தினேன். நீ பிடிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கத்தாதைங்கோ அம்மா" என்று மெல்லச் சொன்னாய். வேகம் குறைந்தது. கடைசியில் ட்ரெயிலர் கொழுவி முறிந்து ஓரத் தடுப்பில் மோதிப் பக்கவாட்டில் விழுந்தது, நாங்கள் இருவரும் இருந்த வண்டி ஓரமாக வந்து நின்றது. தூண்கள் எல்லாம் துண்டு துண்டு. பின்கதவு திறந்து, பிள்ளையார் புல்லில் மல்லாந்து கிடந்தார், ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டு பிரேக்கில் ஏறி நின்றிருந்தால் நாங்களும் அந்த ட்ரெயிலரோடு சுழன்றிருப்போம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் உயிரோடு இருந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றால், அது நீ என் சொல் கேட்காத அந்த ஒரு நிமிடத்தால்தான்.

லெஸ்டர் மண்டபத்தில் மணவறை இல்லை, அடுத்த நாள் காலை முகூர்த்தம். நான் கதிரையில் இருந்து அழுதேன். நீ அழவில்லை. பெண்ணின் தாயிடம் போய் இருக்கிற சேலையெல்லாம் கேட்டாய். மண்டபத்துத் திரைக் கம்பங்களை நாலு மூலையிலும் நிறுத்தி, பச்சையும் அரக்குமாகச் சேலையைச் சுற்றி, அப்பா கொண்டுவந்த பூவை மேலே தொங்கவிட்டாய். அந்தத் தாய் இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் எனக்கு அந்த மணவறைப் படத்தைத்தான் அனுப்புகிறார். நம்முடைய உடைந்த தூண்களைவிட அது வடிவு என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குமுன் வேறொன்று நடந்துவிட்டது. மண்டபத்து நடைபாதையில் அப்பா உன்னை நிறுத்திக் கேட்டார்: "ட்ரெயிலர் ஆர் ஏத்தினது?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரு கணம்தான். நான் என் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

"நான்தான் அப்பா" என்றாய்.

பொய் இல்லை, உன் கைதான் ஏற்றியது. அதற்குப் பிறகு அப்பா உனக்கு ட்ரெயிலர் சாவியைத் தரவில்லை. செவன் கிங்ஸில் இருக்கிற என் அண்ணன், உன் பெரிய மாமா, ஒரு நாளும் ஒரு தள்ளுவண்டிகூடத் தள்ளாதவர், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "பெடியனுக்கு ஏத்தத் தெரியேல்லை, பிள்ளையார் தான் காப்பாத்தினவர்." எல்லாரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். நானும் போட்டேன். ஒவ்வொரு பிறந்தநாளிலும் மாமா உன்னிடம் கேக் தட்டைத் தரும்போது, "கவனம், ஆடப் போகுது" என்பார். நீ சிரிப்பாய். இரண்டு மாதத்தில் கவுன்சில் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டாய். உனக்குத் தொழிலில் ஆசை இல்லை என்று நாங்கள் எல்லாரிடமும் சொன்னோம்.

நான் மாற்றி ஏற்ற வைத்ததுதான் காரணமோ என்பது வெறும் சந்தேகம்தான், நிச்சயமில்லை என்று அப்போது என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அந்தச் சாட்டும் போய்விட்டது. நீ இல்லை, அப்பாவுக்குத் தனியே முடியவில்லை என்று நான் ட்ரெயிலர் இழுக்கப் பழகுவதற்கு லண்டனுக்கு வெளியே சரே பக்கம் ஒருநாள் வகுப்புக்குப் போனேன். அங்கே ஆசிரியர் ஒருவர், ஓடுகிற பட்டி ஒன்றின் மேல் விளையாட்டுக் காரும் ட்ரெயிலரும் வைத்திருந்தார். ட்ரெயிலரின் முன்பக்கம் ஒரு சின்னப் பாரத்தை வைத்து, விரலால் தட்டினார். ஒரு தரம் ஆடி, நேராகிவிட்டது. அதே பாரத்தை எடுத்துப் பின்பக்கம் வைத்து, அதே மாதிரித் தட்டினார். ஆடத் தொடங்கியது, நிற்கவேயில்லை, காரையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னேன். அவர் செய்தார். எத்தனை தரம் செய்தாலும் அது அப்படியேதான் கவிழும் என்று எனக்கு விளங்கியது.

அதன் பிறகு கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். பிள்ளையார் முதலில் மண்டபத்துக்குள் போக வேண்டுமென்றால் கல்லுப் பிள்ளையார்தான் போக வேண்டுமா என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மஞ்சளிலை ஒரு பிள்ளையாரைப் பிடிச்சு மடியிலை வைச்சுக் கொண்டு போங்கோ அம்மா. அவரும் பிள்ளையார்தானே" என்றார். அவ்வளவுதான். ஒரு உருண்டை மஞ்சளும் ஒரு அறுகம்புல்லும். அன்றிலிருந்து ஏழு வருடம் கல்லுப் பிள்ளையாரை அச்சுக்கு முன்னால் ஏற்றித்தான் நான் ஓட்டினேன், நீ அன்றைக்கு வைத்த அதே இடத்தில். மஞ்சள் பிள்ளையார் முன் இருக்கையில் என்னோடு வருவார். ஒரு நாளும் ட்ரெயிலர் ஆடவில்லை. ஒவ்வொரு முறை பத்திரமாகப் போய்ச் சேரும்போதும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். போனில் கோல் எடுப்பேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

நீ எனக்கு எத்தனையோ நன்மை செய்திருக்கிறாய். ஆஸ்பத்திரியில் எனக்காகக் கதைத்தாய், அப்பாவின் கடிதங்களை வாசித்துச் சொன்னாய், என்னைத் தமிழ்க்கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் மூன்று மணித்தியாலம் முகம் சுளிக்காமல் நின்றாய். அதற்கெல்லாம் நன்றி சொன்னதில்லை, பிள்ளைகள் செய்வதுதானே என்று விட்டுவிட்டேன். இதற்குச் சொல்கிறேன். எட்டு வருடம் எத்தனை பேர் சிரித்தபோதும், "அம்மாதான் மாத்தி ஏத்தச் சொன்னவ" என்று நீ ஒரு தரம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லிக்காட்டவில்லை. கோபத்தில்கூட வரவில்லை. என் மானத்தை நீ உன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாய். நான் உன்னைப் பெற்றது என் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியம். என்னை மன்னித்துக்கொள். ஆனால் இனிமேல் அதைச் சுமக்காதே.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும், பின்கதவைத் திறந்ததிலிருந்து, சொல்லி முடித்தேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார் பிறகு.

"என்ன தெரியும்?"

"நீர் ட்ரெயிலர் ஓடத் தொடங்கின முதல் நாளே பிள்ளையாரை முன்னுக்கு ஏத்தினீர். இருபது வருச வழக்கத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் மாத்தினீர். அப்பவே யோசிச்சனான்."

"பிறகேன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் ஓமெண்டு சொல்லுவீர். பிறகு நான் அவன்ர முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் உன்னைத் தொழிலை விட்டுத் துரத்தினோம், மகன். ஒருத்தி சொல்லப் பயந்தாள், ஒருவர் கேட்கப் பயந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவரைப் பிடி என்று அவர் சொன்னதும் அதே பயத்தில்தான். நீ மறுபடி ட்ரெயிலரை நல்லபடியாக இழுத்துக் காட்டிவிட்டால், தான் எட்டு வருடம் செய்தது அநியாயம் என்று ஆகிவிடுமே. நான் அதை அவரிடம் நேராகவே சொன்னேன். "ஓம்" என்றார். பிறகு அவர் அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்தது இது இரண்டாம் தரம், முதல் தரம் எதற்கென்று உனக்குத் தெரியும், நீ பிறந்தபோது.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கிறாய் என்று நினைக்காதே. இதை உறையில் போட்டு அனுப்பவில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மாமா அன்றைக்கு எழுதினாரே, அதே குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். கனடாவில் இருக்கிறவர்கள், பிரான்சில் இருக்கிறவர்கள், உன் மாமியார் வீட்டுக்காரர், எல்லாரும் வாசிக்கட்டும். அண்ணை, நீங்களும் வாசிக்கிறீர்கள் என்று தெரியும். பெடியனுக்கு ஏற்றத் தெரிந்திருந்தது. உங்கள் தங்கச்சிக்குத்தான் தெரியவில்லை. கைகூப்புகிற படம் ஒன்றும் வேண்டாம், அடுத்த பிறந்தநாளுக்குக் கேக்கைப் பேசாமல் கொடுத்தால் போதும்.

வண்டியை நீ பார்த்து எடு, மகன். சிவப்பு என்பது என் எண்ணம், தகட்டைப் பார்த்து உனக்கு வேறு ஏதும் சரியாகப் பட்டால் அதை எடு. எதை எங்கே ஏற்றுவது என்பதும் இனி உன் பொறுப்பு, நான் பின்கதவைத் திறந்து பார்க்க மாட்டேன். சனிக்கிழமை அப்பா வருகிறார். பழக்கதோஷத்தில் ஸ்டியரிங் பக்கம் போய் நிற்பார், அல்லது டிரைவரைப் பற்றிக் கதை எடுப்பார். நீ சாவியைக் கொடுக்காதே. "அப்பா, நீங்கள் மற்றப் பக்கம் ஏறுங்கோ, நான் ஓடுறன்" என்று சொல். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பொறுத்துக்கொள். ஏறுவார். நான் அவரைக் கேட்டுவிட்டேன்.

உன் அம்மா